இன்னும் தடிக்கவில்லை

என் வீட்டுக்காரர் இராமையாவுக்கு இந்த வருடம் பூராவும் ஒரே பாட்டு. "இன்னும் தடிக்கல." காலையில் அரை டம்ளர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வீட்டுப் பக்கவாட்டுக்குப் போவார். அங்கே முழங்கால் உயரத்துக்குச் செங்கல் அடுக்கி ஒரு பாத்தி கட்டி வைத்திருக்கிறார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்து, மண்ணைக் கிளப்பிக்கொண்டு நிற்கும் பச்சைத் தண்டு ஒன்றின் அருகே சுண்டு விரலை வைத்துப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இடைப்பட்ட நாட்களில் உடம்பில் நீர் ஏறி, முகம், கால், கைவிரல் எல்லாம் உப்பிவிடும். வீங்கிப்போன விரலை வைத்து அளந்தால் எந்தத் தண்டுதான் தடிக்கும்?

"என் விரல வச்சுப் பாருங்க," என்பேன். "தண்டு தடிச்சு எத்தனையோ மாசம் ஆச்சு."

"உன் விரலு குச்சி. அத வச்சு அளந்தா புல்லுகூட தடிப்பாத்தான் இருக்கும்."

இதை வெளியிலிருந்து கேட்கிறவர்கள் கிழவனும் கிழவியும் செடிக்காகச் சண்டை போடுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். எனக்கு அது செடி இல்லை. அந்தத் தண்டை வெட்டினால்தான் என் பிள்ளை வீட்டுக்கு வருவான்.

திலீப் ஆஸ்திரேலியா போய் ஐந்து வருடமாகிறது. சுற்றிப் பார்க்க என்று விசா எடுத்துப் போனவன், சுற்றிப் பார்த்தது தோட்டங்களைத்தான். விசா முடிந்தது, அவன் திரும்பவில்லை. எங்கள் புக்கிட் ரோத்தான் பக்கத்திலிருந்து அப்படிப் போன பையன்கள் நிறையப் பேர். யாரும் வெளியில் சொல்வதில்லை. "வேலையா இருக்கான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். என் பிள்ளை அங்கே அஸ்பராகஸ் வெட்டினான். அந்தப் பேரை நான் முதலில் ஏதோ ஊர்ப் பேர் என்று நினைத்தேன். தண்டை வெட்டிச் சமைக்கிற ஒரு காய் என்று பிறகுதான் தெரிந்தது.

அவன் போன மறு வருடம் இவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. திலீப் போனில் அழுதான். வருகிறேன் என்றான். வந்தால் திரும்பிப் போக முடியாது, இன்னும் கொஞ்ச காலம் இருந்து நாலு காசு பார்த்துவிட்டு வா என்று இவர்தான் சொன்னார். அப்புறம் அவனுடன் வேலை செய்த செல்வா, போதும்டா சாமி என்று அங்கே அதிகாரிகளிடம் தானே போய்ச் சரணடைந்து ஊருக்கு வந்தான். வந்த வாரமே எங்கள் வீட்டுக்கு வந்து, கால்சட்டைப் பையிலிருந்து ஒரு டிஸ்யு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான். உள்ளே மிளகு மாதிரி கறுப்பாகக் கொஞ்சம் விதை.

"திலீப் குடுத்தான் மாமா. அஸ்பராகஸ் விதை. நீங்க போடுவீங்களாம். மூணு வருஷத்துக்குத் தண்ட வெட்டவே கூடாதாம், வெட்டினா வேரு செத்துடுமாம். மூணு வருஷம் கழிச்சு மொத வெட்டு அவன் வந்து வெட்டுவானாம். சொல்லச் சொன்னான்."

செல்வா சொன்னது அவ்வளவுதான். நாங்கள் அதைப் பிடித்துக்கொண்டோம். பிள்ளைக்கு நேர்ந்துகொண்டு முடி வளர்க்கிறோம் இல்லையா, கோயிலில் இறக்கும்வரை கத்திரி படக் கூடாது, அப்படித்தான் அந்தப் பாத்தியை வைத்திருந்தோம். பழைய தோட்டத்து மாரியம்மனுக்கு நானே வேண்டிக்கொண்டேன். முதல் தண்டு உன் காலடிக்கு, என் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்துவிடு தாயே என்றேன். அம்மனுக்கு அஸ்பராகஸ் பிடிக்குமா என்றெல்லாம் யோசிக்கவில்லை.

இவர் வாலிபத்தில் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்து நர்சரியில் வேலை செய்தவர். பிறகுதான் குலை வெட்டு, டிராக்டர், லோரி எல்லாம். அதனால் விதையைப் பார்த்ததும் நர்சரி புத்தி வந்துவிட்டது. ஓர் இரவு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் கறுப்புப் பாலிபேக்கில் பைக்கு ஒன்றாக ஊன்றினார். ஒரு வாரம், இரண்டு வாரம் ஒன்றும் காணோம். "உங்க மகன் மிளகத்தான் குடுத்து விட்டிருக்கான்," என்று நான் கேலி பண்ணினேன். மூன்று வாரம் கழித்து முடி மாதிரி ஒன்று பையில் நின்றது. இவர் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்து மண் அந்தச் செடிக்கு ஆகாது. மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் நாள்கணக்கில் நிற்கும் களிமண். வேரில் தண்ணீர் நின்றால் அஸ்பராகஸ் அழுகிப் போகும் என்று திலீப் போனில் சொன்னான். அதனால்தான் அந்தச் செங்கல் பாத்தி. பக்கத்து வீட்டு சன்னாசி தன் வேனில் மணலும், தஞ்சோங் காராங் வயல் பக்கத்திலிருந்து உமிக்கரியும் ஏற்றிவந்து கொடுத்தான். ஆட்டுப் புழுக்கையையும் மக்கிய இலையையும் கலந்து பாத்தியை ரொப்பினார். ஊசி போட்டுப் போட்டுப் புடைத்துப்போன கையோடு ஒரு மனிதன் மண்வெட்டி பிடிப்பதைப் பார்க்கச் சகிக்காது. வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா?

நாற்றைப் பாத்தியில் நட்ட பிறகு தண்டுகள் வர ஆரம்பித்தன. பென்சில்கூட இல்லை, பென்சிலுக்குள் இருக்கும் ஈயக்குச்சி அளவுக்கு மெலிசு. அவற்றை வெட்டாமல் விட்டால் மேலே போய்க் கிளை பிரிந்து, பச்சைப் பஞ்சு போல விரிந்து ஆள் உயரத்துக்கு நிற்கும். அந்த இலைதான் கீழே வேருக்குச் சோறு போடுகிறது என்பார். காற்றில் சாயாமல் ராஃபியா கயிற்றால் கட்டி வைப்பார். களை எடுப்பார். சாயங்காலம் குழாயைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நிற்பார். நர்ஸ் அவருக்கு நாளைக்கு ஒரு சின்னப் போத்தல் தண்ணீர்தான் என்று கண்டித்துச் சொல்லியிருந்தாள். தாகத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"எதுக்கு அதப் பாத்துக்கிட்டே நிக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது குடிக்கிறதப் பாத்தா எனக்குக் கொஞ்சம் அடங்குது," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டினேன்.

மறு வருடம் செடிகள் பூத்தன. அதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறாம். பெண் செடியில் சிவப்புச் சிவப்பாகப் பழம் வரும். பழத்துக்கே அதன் தெம்பெல்லாம் போய்விடும். ஆண் செடிதான் தடித்தடியாகத் தண்டு கொடுக்குமாம். ஆண்பிள்ளையால் வீட்டுக்குப் பிரயோசனம் உண்டு என்று நான் கேள்விப்பட்டது அந்தச் செடியில்தான் என்று திலீப்பிடம் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். இவர் அந்தப் பழங்களைப் பறித்து, பிசைந்து கழுவி, விதையை நிழலில் காயவைத்து மைலோ டின்னில் போட்டு வைத்தார். எதற்கு என்று கேட்டால், "இருக்கட்டும்" என்பார்.

எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க இந்தக் கதை தெரியும். சொன்னது வேறு யார், நான்தான். நான் கூட்டிப் பெருக்குகிற பாலர் பள்ளியிலும், மீன் வேன் வந்து நிற்கிற இடத்திலும் சொல்லிவிட்டேன். "அந்த ஆஸ்திரேலியாக் கீரைய வெட்டும்போது என் மகன் வந்துடுவான்." வருகிறவர் போகிறவர் எல்லாம் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னக்கா, வெட்டலியா?" என்பார்கள். "ரெண்டு வருஷந்தானே ஆவுது," என்பேன் பெருமையாக. மூன்று வருடம் ஆனது. தாண்டியும் போனது. அப்போதுதான் இவர் அந்தப் பாட்டை ஆரம்பித்தார். சுண்டு விரல் அளவுக்குத் தடித்தால்தான் வெட்டலாமாம்.

முதலில் நான் நம்பினேன். பிறகு கோபப்பட்டேன். கடைசியில் பயந்தேன். இவர் உடம்பு போகிற போக்கு எனக்குத் தெரியும். டயாலிசிஸ் முடிந்து வந்தால் முன்னெல்லாம் சாப்பிட்டுவிட்டு எழுந்து நடமாடுவார். இந்த வருடம் அப்படியே சாய்ந்தால் மறுநாள்தான் எழுந்திருக்கிறார். இரண்டு முறை இரத்த அழுத்தம் இறங்கி அங்கேயே மயங்கிப் போனார். பிள்ளை அவரை உயிரோடு பார்க்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அதற்குத் தடையாக நிற்பது இவருடைய வீங்கிய சுண்டு விரல் என்றால் நான் எத்தனை நாள் பொறுத்துக்கொண்டிருப்பேன்?

தீபாவளிக்கு முந்திய வாரம். அன்று இவரை டயாலிசிஸுக்கு ஏற்றிக்கொண்டு சன்னாசியின் வேன் விடியற்காலையிலேயே கோல சிலாங்கூர் புறப்பட்டுவிட்டது. முதல்நாள் பெய்த மழையில் பாத்தி குளிர்ந்து கிடந்தது. என் கட்டைவிரல் அளவுக்குத் தண்டுகள் நின்றன. நுனி இன்னும் மூடியிருந்தது. இன்னும் ஓரிரு நாள் விட்டால் விரிந்து போகும், பிறகு மறுபடி விரலை வைத்து அளக்கிற கூத்து. சமையலறைக் கத்தியை எடுத்துவந்தேன். மனதுக்குள் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, மண்ணோடு ஒட்டி ஒரு தண்டை வெட்டினேன். சத்தமே இல்லை. வெட்டிய இடத்தில் தண்ணீர் மாதிரி துளிர்த்தது. ஒன்று வெட்டியதும் கை துணிந்துவிட்டது, ஒரு பிடி வெட்டிவிட்டேன். முதுகு பிடித்துக்கொண்டது. என் பிள்ளை நாள் முழுக்க இப்படித்தானே குனிகிறான் என்று அப்போது நினைத்தேன்.

தாமானுக்குப் பின்னால் செம்பனைக்குள் நடந்தால் பழைய தோட்டத்துக் கோயில். தொழிலாளர் லயத்து வீடுகளை இடித்துப் பல வருடம் ஆகிறது. கோயிலை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். பூசாரி நாராயணசாமி நான் நீட்டியதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"என்னம்மா இது, மூங்கில் குருத்தா?"

"அஸ்பராகஸ். வேண்டுதல். அம்மன் காலடியில வைங்க சாமி."

"இதெல்லாம் வைக்கலாமான்னு தெரியலியே."

"தேங்கா வைக்கிறீங்க, வாழப்பழம் வைக்கிறீங்க. இதுவும் மண்ணுல மொளச்சதுதான். வைங்க சொல்றேன்."

வைத்தார். குங்குமம் தூவிச் சூடம் காட்டினார். நான் அதைப் போனில் படம் பிடித்துத் திலீப்புக்கு அனுப்பினேன். கூடவே குரலிலும் பேசி அனுப்பினேன். "மொத வெட்டு வெட்டிட்டேன்டா. அப்பா இன்னும் தடிக்கல தடிக்கலன்னுட்டே இருந்தாரு, நான் வெட்டிட்டேன். கெளம்பி வாடா. தீபாவளிக்கு முடியலன்னா பரவால்ல. பொங்கலுக்காச்சும் வந்துடு."

உடனே போன் அடித்தது. அங்கே சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது. பின்னால் காற்றுச் சத்தமும் யாரோ சீனத்தில் பேசுவதும் கேட்டது.

"ம்மா," என்றான்.

"என்னடா?"

"ம்மா, அப்பா உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியா?"

"என்ன சொல்லணும்?"

"போன தீபாவளிக்கே நான் அப்பாகிட்ட சொல்லிட்டேன்மா. இங்க இருக்கிறதுக்குப் பேப்பர் போட்டிருக்கேன். வெளிய போனா அத்தோட முடிஞ்சுது, மறுபடி உள்ள விடமாட்டாங்க. அங்க வந்து நான் என்னம்மா பண்றது? திரும்பவும் லோரி அட்டெண்டனா? நான் வரலம்மா. வர முடியாதுலா."

நான் அம்மனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலடியில் பச்சைத் தண்டுகள் குங்குமத்தோடு கிடந்தன.

"அப்பா என்ன சொன்னாரு?"

"சரி, அங்கயே இரு, அம்மாகிட்ட மட்டும் சொல்லாத, நான் பாத்துக்கிறேன்னாரு. மூணு வருஷம் ஆனதும் அம்மா கேப்பாங்களேப்பா, என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். இன்னும் தடிக்கலன்னு சொல்லிக்கிறேன்னாரு."

தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வருடம் முழுக்க அந்த மனிதரை நான் எத்தனை பேச்சுப் பேசியிருப்பேன். பிடிவாதக்காரர் என்றேன், பிள்ளைப் பாசம் இல்லாதவர் என்றேன். ஒருநாள் ஆத்திரத்தில், நீங்கள் சாகிறவரை அந்தப் பிள்ளையை வரவிட மாட்டீர்கள் என்றுகூடச் சொல்லிவிட்டேன். அதற்கும் அவர் சுண்டு விரலைத்தான் காட்டினார்.

"டேய்," என்றேன். "அப்பாவுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா? அப்பயும் வரமாட்டியா?"

அவன் அழுகிறான் என்று தெரிந்தது.

"அதையும் பேசிட்டோம்மா," என்றான். "வராதன்னு அப்பாவே சொல்லிட்டாரு. சன்னாசி மாமா மகன் பவனேஷ் கொள்ளி வப்பான், நீ கவலப்படாதன்னாரு."

நான் போனை அணைத்துவிட்டேன். திட்டவும் தோன்றவில்லை. பெற்ற பிள்ளை உயிரோடு இருக்க, தனக்குக் கொள்ளி வைக்க அடுத்த வீட்டுப் பையனை இந்த மனிதர் ஒதுக்கி வைத்திருக்கிறார். அதையும் வைத்துக்கொண்டுதான் தினம் காலையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எனக்காக நடித்திருக்கிறார். நாராயணசாமி தண்டுகளைப் பிரசாதம் என்று திருப்பிக் கொடுத்தார். "பையன் வர்றானாம்மா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ தெரியாது.

வீட்டுக்கு வந்து, தண்டுகளைச் சமையலறையில் வைத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் சன்னாசியின் வேன் வந்து நின்றது. சன்னாசி இறங்கி இவர் பக்கத்துக் கதவைத் திறந்தவன், வேலிக்கு மேலே பாத்தியைப் பார்த்துவிட்டான்.

"என்னக்கா, வெட்டியாச்சா!" என்றான் சந்தோஷமாக. "அப்ப தம்பி வர்றான்! எப்பக்கா?"

இவர் ஒரு கால் வேனிலும் ஒரு கால் தரையிலுமாக அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் இரத்தமே இல்லை. என்னைப் பார்க்கவில்லை. வெட்டுப்பட்ட அடித்தண்டுகளைப் பார்த்தார்.

சன்னாசி நல்லவன். இத்தனை வருடமாக ஒரு நாள் தவறாமல் இவரை ஏற்றி இறக்குகிறான். அவன் மகன் பவனேஷ் ரவாங்கில் தொழிற்சாலையில் வேலை செய்கிறான், நல்ல உயரமான பையன். அவன் தோளில் குடத்தோடு நிற்பது என் கண்ணுக்குள் வந்துவிட்டது.

"இல்ல தம்பி," என்றேன். "நான்தான் அவசரப்பட்டு வெட்டிட்டேன். வெட்டினப்புறம் பாத்தா எல்லாம் மெலிசு. இன்னும் தடிக்கல."

இவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. கதவைப் பிடித்திருந்த கை நழுவியது. சன்னாசி தாங்கிக்கொண்டான். "மெதுவாண்ணே, இன்னிக்கு ரொம்ப டல்லா இருக்காருக்கா," என்று சொல்லிக்கொண்டே உள்ளே கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டுப் போனான்.

நான் மின்விசிறியைத் தட்டிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சன்னாசிகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எத?"

"பவனேஷ் விஷயத்த."

கண்ணை மூடிக்கொண்டார். "இன்னும் இல்ல. நேரம் வர்றப்ப சொல்லிக்கலாம்னு."

"யாரு சொல்றது? நீங்க எழுந்திருச்சு வந்து சொல்வீங்களா? நான்தானே போயி அவன் வாசல்ல நிக்கணும்?"

எனக்கு அடக்க முடியவில்லை. வாய்க்கு வந்தபடி கத்தினேன். என்னிடம் ஏன் மறைத்தீர்கள், நான் என்ன பச்சைக் குழந்தையா, என்னை ஒரு வருடம் பைத்தியக்காரியாக ஊரெல்லாம் சொல்லித் திரியவிட்டீர்களே என்று கேட்டேன். கத்தக் கத்த அழுகைதான் வந்தது. அவர் பிளாஸ்திரி ஒட்டிய கையை நீட்டி என் முழங்கையைத் தொட்டார்.

"தினம் காலையில நீ ஜன்னல் வழியா அந்தப் பாத்தியத்தான் மொதல்ல பாப்ப," என்றார். "பாத்துட்டு முகம் தெளிஞ்சிடும். அதுக்கப்புறம்தான் என்னைத் திட்டுவ. அத எப்படி அமராவதி வெட்டுறது?"

சாயங்காலம் அந்தத் தண்டுகளைச் சமைத்தேன். திலீப் வந்தால் ஜெராமில் இறால் வாங்கிப் பூண்டு தட்டிப் போட்டுப் பிரட்டித் தரவேண்டும் என்று மூன்று வருடமாக மனதுக்குள் சமைத்து வைத்திருந்த கறி. இவருக்கு அப்படித் தர முடியாது. டயாலிசிஸ்காரருக்குக் காயை நறுக்கி, ஊறவைத்து, அவித்து, அவித்த தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தரவேண்டும். உப்பும் கிடையாது. தண்டின் பச்சை நிறமெல்லாம் தண்ணீரோடு சாக்கடைக்குப் போனது. மிச்சம் இருந்ததைத் தட்டில் வைத்தேன். அவர் ஒரு துண்டை வாயில் போட்டு நெடுநேரம் மென்றார்.

"எப்படி இருக்கு?"

"ஒண்ணுமே இல்ல," என்றார். "வெறும் தண்ணியா இருக்கு." பிறகு இன்னொரு துண்டை எடுத்தார். "நாங்க காலம் பூரா அண்ணாந்து பாத்துச் செம்பனக் கொல வெட்டினோம். கழுத்துதான் வலிக்கும். அவன் குனிஞ்சே வெட்டுறான். அது எப்படித்தான் இருக்கும்னு பாக்கத்தான் நான் இந்தச் செடியப் போட்டேன். அவன் வருவான்னு எனக்கு மொதல்ல இருந்தே அவ்வளவா நம்பிக்க இல்ல."

நானும் ஒரு துண்டு தின்றேன். பச்சைப் பட்டாணி வாசம் லேசாக இருந்தது. இதற்காகவா என்று இருந்தது. தட்டை வழித்துக் கழுவி வைத்தேன்.

அஸ்பராகஸில் ஒரு தொல்லை இருக்கிறது. ஒருமுறை வெட்டினால் அது நிற்பதில்லை. மறுநாள் காலையில் வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக நாலைந்து தலை தூக்கி நின்றன. அதற்கு அடுத்த நாளும் நின்றன. வெட்டியாகிவிட்டது, பிள்ளை வரவில்லை, இது மட்டும் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. நான் அவற்றைத் தொடவில்லை. எல்லாம் விரிந்து, பஞ்சாகி, பழையபடி ஆள் உயரத்துக்குப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். தீபாவளி வந்தது, போனது. திலீப் போனில் முகம் காட்டி வாழ்த்துச் சொன்னான். இவர்தான் பேசினார். நான் பின்னால் நின்று பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தவர்களுக்கெல்லாம், அவசரப்பட்டுவிட்டேன், மெலிசாக இருக்கிறது என்றே சொன்னேன். சொல்லச் சொல்ல அது எனக்கும் பழகிவிட்டது.

தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை மைலோ டின்னைத் திறந்தேன். விதையைக் கிண்ணத்தில் கொட்டி வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி வைத்தேன். இவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்கவில்லை. மறுநாள் டயாலிசிஸ் இல்லாத நாள். பழைய பாலிபேக்குகளைத் தேடி எடுத்து, மணலும் உமிக்கரியும் கலந்து நான் பைகளை ரொப்ப ரொப்ப, அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடிக்கு அருகே இழுத்துக்கொண்டார்.

"எத்தன பையி?" என்றார். மூச்சு வாங்கியது.

"இருக்கிற விதை பூரா."

"நட்டதுல இருந்து மூணு வருஷம் தொடக் கூடாது, அமராவதி."

"தெரியும்."

"அதுவரைக்கும் நான் இருக்க மாட்டேன்."

மழை வருமா என்று பேசுகிற குரலில்தான் அதைச் சொன்னார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, கையிலிருந்த மண்ணைப் பைக்குள் போட்டு ஓங்கி அழுத்தினேன்.

"இருக்கணும்," என்றேன். "நீங்க இல்லாட்டி, இன்னும் தடிக்கலன்னு எனக்கு யாரு சொல்றது?"

அவர் வீங்கிய சுண்டு விரலைப் பைக்குள் விட்டுக் குழி போட்டார். பிறகு விதைக்காக என் பக்கம் கையை நீட்டினார்.